கைத்திறனும் கைநாணயமும்

தன் ஆடையைத் தானே நெய்து, தன் பிணிக்குத் தானே மருந்து கண்டு, தன் வீட்டைத் தானே எழுப்பி வாழும் மனிதன் இவ்வுலகில் எங்கும் இலன். நாம் அறியாத தொழிலை அறிந்த ஒருவர் கையில் நம் உடலையோ பொருளையோ ஒப்படைத்துவிட்டே நாள்தோறும் கண்ணுறங்குகிறோம். அங்ஙனம் ஒப்படைக்கும்போது எழவேண்டிய வினா ஒன்று உண்டு. ஒரு தொழிலை அறியாதவன், அதனை அறிந்தவனை எவ்வாறு கண்டுகொள்வது? கண்டுகொண்டாலும், அவனுடைய கை திறமையுள்ளது மட்டுமன்றி நாணயமுள்ளதும் ஆகும் என்பதை எவ்வாறு தெளிவது?

இவ்வினா புதிதன்று. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நாட்டுப் பிளேட்டோ, ‘கார்மிடீஸ்’ என்னும் உரையாடலில் சாக்ரட்டீசின் வாயிலாக இதனையே எழுப்பினார். உண்மை மருத்துவனையும் போலி மருத்துவனையும் பிரித்தறிய வேண்டுமாயின், பிரித்தறிபவனும் மருத்துவம் கற்றிருத்தல் வேண்டும். கற்றிருந்தாலோ அவனுக்கு வேறொரு மருத்துவனை நாடவேண்டிய தேவை பெரிதும் இராது. இதுவே அங்கே தோன்றும் இடர்ப்பாடு. அவர்தம் மாணாக்கராகிய அரிஸ்டாட்டில், ‘அரசியல்’ என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் வேறொரு வழி காட்டினார். வீட்டின் குணங்குற்றங்களைக் கட்டியவனைவிடக் குடியிருப்பவன் நன்கு உரைப்பான். சுக்கானைச் செய்த தச்சனைவிட அதனைப் பிடித்துக் கப்பல் செலுத்துபவனும், சமைத்தவனைவிட விருந்துண்பவனும் தக்க நீதிபதிகள் என்றார். நம் வள்ளுவரோ பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்து, சோதியாமல் ஒருவரை நம்புவதும், சோதித்து நம்பியபின் அவரையே சந்தேகிப்பதும் ஒருங்கே கேடு என்று காட்டினார்.

மூவர் கூற்றும் மெய்யே. ஆயினும் நடைமுறையில் இவற்றை எங்ஙனம் கைக்கொள்வது என்பதை அறிய, பெரிய வினாவைச் சிறிய பொருளொன்றில் வைத்துப் பார்த்தல் நலம். நான் இங்கு எடுத்துக்கொள்ளும் சிறு பொருள், ரேஞ்ச்பைண்டர் எனப்படும் பழைய தொலைவுமானிக் காமிரா. அதனைப் பழுதுபார்க்க நம்பத்தக்க ஒருவரைத் தேடும் வேலை.

அக்காமிராவின் முகப்பில் இரண்டு சாளரங்கள் உண்டு. ஒன்றின் வழியே நாம் நேராகக் காண்கிறோம். மற்றதன் வழியே புகும் காட்சி, உள்ளிருக்கும் கண்ணாடிகளால் திருப்பப்பெற்று முதற்காட்சியோடு வந்து கலக்கிறது. ஆகவே நாம் நோக்கும் உருவம் நடுவில் இரட்டையாகத் தோன்றும். லென்ஸைத் திருகத் திருக, அதனோடு இணைந்த நெம்புகோல் உள்ளுறுப்பை அசைக்கும். இரட்டை உருவம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் நிலையே சரியான தொலைவு. ஜெர்மனியில் 1925-ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தச் சந்தையில் அறிமுகமான லைக்கா, 1932-இல் இவ்வமைப்பை லென்ஸோடு பிணைத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே காண்டாக்ஸ் காமிராவும் அதற்குப் போட்டியாக வந்தது. பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலைக்கு வந்து இரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் பதிவு செய்ததும் லைக்காவைக் கொண்டுதான். பின்னர் 1966-இல் வெளிவந்த ஜப்பானிய யாஷிகா எலெக்ட்ரோ 35, இத்தகைய கருவியை நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டச் செய்தவற்றுள் ஒன்று.

ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கும் இக்காலத்தில், இந்த இரும்புப் பெட்டிக்கு இத்துணைக் கவலை எதற்கு என்று வினவுவாரும் உளர். அவர்க்கு இரண்டு விடைகள் கூறுவேன். முதலாவது, தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குச் சிதறிப்போன நம் மக்களுக்கு, அவ்வாழ்வு இருந்தது என்பதற்கு எஞ்சிய சான்று பழைய புகைப்படங்களே. அவற்றை எடுத்த கருவியைப் பேணுவது வீண் ஆடம்பரமாகாது. இரண்டாவது, இதில் தோற்றால் போவது சில நூறு ரிங்கிட்டே, உயிர் போவதில்லை. மருத்துவரையும் வழக்கறிஞரையும் தேர்ந்தெடுக்க வேண்டிய நாள் வருமுன், நம்பிக்கையின் இலக்கணத்தை இத்தகைய சிறு பொருளில் பயின்றுகொள்வது அறிவுடைமையாகும்.

நிற்க. இக்கருவிகளுக்கு நேரும் பழுதுகளைச் சிறிது அறிதல் வேண்டும். லைக்காவின் ஒளித்திரை ரப்பர் பூசிய துணியால் ஆனது. ரப்பரோடே பிறந்து வளர்ந்த நமக்கு, ரப்பரும் மூப்படையும் என்பது சொல்லித் தெரியவேண்டியதன்று. அது வெடித்தால் திரையில் ஊசித்துளைகள் தோன்றும். வேண்டாத ஒளி உட்புகுந்து படத்தில் புள்ளிகளாக விழும். மூடியில்லாத லென்ஸை நண்பகல் வெயிலுக்கு நேரே வைத்துவிட்டால், பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோல் அத்திரை கருகிப்போதலும் உண்டு. யாஷிகா எலெக்ட்ரோவின் உள்ளே நகத்தினும் சிறிய ரப்பர்த் துண்டொன்று இருக்கிறது. அது நைந்து உதிர்ந்தால், மற்ற உறுப்புகள் யாவும் செவ்வையாயிருந்தும் திரையின் வேகம் தடுமாறும். நம் நாட்டு ஈரக்காற்றில் லென்ஸின்மேல் பூஞ்சணம் படரும். நெடுநாள் தங்கினால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பற்சக்கரங்களுக்கு இட்ட எண்ணெய் உலர்ந்து பிசினாகும். இவற்றுள் பெரும்பாலானவை பெட்டிக்குள்ளே நிகழ்பவை. உடையவன் கண்ணுக்குப் புறத்தோற்றம் ஒன்றே தெரியும்.

என் தாய்மாமன் 1970-களில் சிங்கப்பூரில் வாங்கிய யாஷிகா ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தோட்டத்துக் கல்யாணங்களும் கோயில் திருவிழாக்களும் பள்ளி ஆண்டு விழாக்களும் அதன் கண்ணால் காணப்பட்டவை. அது ஓய்ந்தபோது, இரயில் பாதையோரச் சிற்றூராகிய எங்கள் ரெங்கத்தில் அதனைத் திறந்து பார்க்கும் தொழிலாளர் எவரும் எனக்குக் கிடைக்கவில்லை. குளுவாங்கிலும் ஜொகூர் பாருவிலும் விசாரித்து, இறுதியில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கும் சென்றேன். அவ்வலைச்சலில் மூவரைக் கண்டேன்.

முதலாமவர் கருவியைக் கையில் வாங்கியதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சிரித்த முகத்தோடு கூறினார். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார். மேற்புறம் கண்ணாடிபோல் மின்னியது. உள்ளே துப்புரவு செய்து, எண்ணெயிட்டு, சீர்ப்படுத்தியதாகக் கூறிக் கூலியும் பெற்றார். ஆனால் பழுது பழுதாகவே இருந்தது. உற்று நோக்கியபோது, மேல்தகட்டுத் திருகாணிகளின் பள்ளங்களில் பல்லாண்டு அழுக்கு கலையாமல் கிடந்தது. பெட்டி திறக்கப்படவே இல்லை. இரண்டாமவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதன் மின்னணுப் பகுதி தமக்குத் தெரியாதென்றும், முழுதும் இயந்திரத்தால் ஓடும் காமிரா இருந்தால் கொண்டுவரும்படியும் கூறிக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு காசும் வாங்கவில்லை. மூன்றாமவர் முதியவர். ஒரு மாதம் வைத்திருந்தார். திருப்பித் தரும்போது, உதிர்ந்த பழைய ரப்பர்த் துகளை ஒரு காகிதப் பொட்டலத்தில் மடித்து உடன் கொடுத்தார். லென்ஸின் ஓரத்தில் பூஞ்சணத்தின் தழும்பு நீங்காதென்றார். இக்கருவிக்கென்று செய்யப்பட்ட பாதரச மின்கலம் இப்போது கடைகளில் கிடையாது. மாற்றுக் கலத்தின் மின்னழுத்தம் சற்று வேறு. ஆகையால் முதற்சுருளைச் சோதனையாக எடுத்துப் பார்த்தபின்னரே முக்கியமான படங்களுக்கு இதனை நம்புக என்றும் எச்சரித்தார். அவர் கூறியது உண்மையே. பாதரசத்தின் தீமை கருதி உலக நாடுகள் 2013-இல் செய்து, 2017-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த மினமாட்டா உடன்படிக்கைக்கு முன்னரே, அத்தகைய கலங்கள் பல நாடுகளில் விலக்கப்பட்டுவிட்டன.

இம்மூவருள் நம்பத்தக்கவர் எவர் என்று கேட்டால், மூன்றாமவர் என்று யாவரும் விடையிறுப்பர். இரண்டாமவரும் அவர்க்கு இணையானவரே என்பது என் துணிபு. தனக்குத் தெரியாததைத் தெரியாதென்று கூறி, கைக்கு வந்த கூலியை வேண்டாமென்பவன், தெரியும் என்று கூறும்போது அச்சொல்லுக்கு விலை உண்டு. எதற்கும் ‘ஆகும்’ என்பவனுடைய ‘ஆகும்’ என்னும் சொல்லால் நாம் ஒன்றும் அறிந்துகொள்ள இயலாது. ஆகவே நம்பிக்கையின் முதல் அடையாளம், மறுக்கத் தெரிந்திருத்தல். இரண்டாவது, தன் வேலையைப் பிறர் பார்வைக்குத் திறந்து வைத்தல். பொட்டலத்தில் வந்த ரப்பர்த் துகளுக்குச் சந்தையில் ஒரு காசும் மதிப்பில்லை. ஆனால் அது கைக்கும் சொல்லுக்கும் இடையே நின்ற சாட்சி. மூன்றாவது, செய்ததைக் கூறுவதோடு செய்யாததையும் கூறுதல். குறையைத் தானே முன்வந்து சொல்பவன், நாம் கண்டுபிடிக்க மாட்டோம் என்பதை அறிந்தும் சொல்கிறான். நாணயம் என்பது இதுவே. காண்பவன் இல்லாதவிடத்தும் கண்டதுபோல் நடத்தல்.

இனி, உடையவனுக்கும் கடமை உண்டு. எல்லாப் பொறுப்பையும் தொழிலாளி தலையில் ஏற்றிவிட்டு, பின்னர் ஏமாந்தேன் என்று புலம்புவது அறிவுக்கு அழகன்று. அரிஸ்டாட்டில் கூறியபடி, பயன்படுத்துபவன் சோதிக்கக்கூடியவை சில எப்போதும் உண்டு. தொலைவிலுள்ள கோபுரத்தையோ நிலவையோ நோக்கி லென்ஸைக் கடைசிவரை திருகினால் இரட்டை உருவம் ஒன்றாக வேண்டும். பின் ஒரு மீட்டர் தொலைவில் அளவுகோல் ஒன்றைச் சாய்த்து வைத்து, லென்ஸின் வாயை முழுதும் திறந்து படமெடுத்தால், நாம் குறித்த எண்ணே கூர்மையாக விழவேண்டும். இரண்டிடத்தும் பொருந்தினால் தொலைவுமானி செவ்வையாயிருக்கிறது எனலாம். இயந்திரத் திரையாயின், ஒரு விநாடி வேகத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுக் காதாலேயே அறியலாம். பிற வேகங்களை ஓரளவு அளக்கக் கைப்பேசிச் செயலிகளும் இன்று இருக்கின்றன. கருவியோடு வந்த விளக்கப் புத்தகத்தைப் படித்தல், பழுதைத் தேதியோடு குறித்துக் கொடுத்தல், என்ன செய்யப்போகிறீர் என்று முன்னரே கேட்டல் ஆகியவை சந்தேகத்தின் அடையாளங்கள் அல்ல. நல்ல தொழிலாளி இவற்றைக் கண்டு மகிழ்வானேயன்றிச் சினவான்.

பிறரிடம் விசாரித்து அறிவதிலும் ஒரு முறை உண்டு. அதனை அக்கருவியே கற்பிக்கிறது. தொலைவுமானியின் இரண்டு சாளரங்களும் ஒன்றையொன்று எவ்வளவு விலகியிருக்கின்றனவோ, அவ்வளவு நுட்பமாக அது தூரத்தைக் காட்டும். நெருங்கி அமைந்தால் பிழை மிகும். சாட்சிகளும் அவ்வாறே. ஒருவருக்கொருவர் நண்பரான நால்வர் ஒரு கடையைப் புகழ்ந்தால் அது ஒரு சாளரமே. ஒருவரையொருவர் அறியாத இருவர், வேறு வேறு காலத்தில், வேறு வேறு பழுதுக்குச் சென்று, ஒரே மனிதரைக் குறித்து ஒரே சொல்லைக் கூறினால், அங்கே இரண்டு உருவங்கள் பொருந்துகின்றன.

இத்துணை எச்சரிக்கையும் போதுமா? போதாது என்பதே உண்மை. பிசினான எண்ணெயை எளிதில் ஆவியாகும் திரவத்தால் கழுவிவிட்டு, புதிதாக எண்ணெயிடாமலே கருவியைத் திருப்பித் தந்துவிடலாம். அது அன்று நன்றாக ஓடும். நம் சோதனைகள் அனைத்திலும் தேறும். உலர்ந்த பற்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருப்பது பின்னரே விளங்கும். 1973-இல் டார்பி, கார்னி என்னும் பொருளியல் அறிஞர் இருவர் இத்தகைய நிலையை ஆராய்ந்தனர். சில பண்டங்களை வாங்குமுன்னரே சோதிக்கலாம். சிலவற்றை வாங்கிப் பயன்படுத்தியபின் அறியலாம். பழுதுபார்க்கும் வேலை போன்ற சிலவற்றின் தரத்தை வாங்கியபின்னும் எளிதில் அறியவொண்ணாது. அவற்றை நம்பிக்கைப் பண்டங்கள் எனலாம். அங்கே சோதனை நின்றுவிடுகிறது. எஞ்சுவது மனிதனின் ஒழுக்கமே.

இங்கே வேறொரு பொருளியலறிஞரின் ஆராய்ச்சியும் கருதத்தக்கது. ஜார்ஜ் அக்கெர்லாஃப் 1970-இல் பழைய மோட்டார் வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். அத்துறை ஆராய்ச்சிக்காக 2001-இல் நோபெல் பரிசில் பங்கும் பெற்றார். நல்லதையும் தீயதையும் வாங்குபவன் பிரித்தறியாவிடில், இரண்டிற்கும் நடுத்தர விலையே தருவான். அவ்விலை நல்ல பொருளுக்குக் கட்டாது. ஆகவே நல்லது சந்தையைவிட்டு நீங்க, தீயதே மிஞ்சும் என்பது அதன் சாரம். பழுதுபார்ப்போர் செய்தியும் இதுவேயன்றோ? ஒரு மாதம் உழைத்தவனிடமும், மேற்புறம் துடைத்துக் கொடுத்தவனிடமும் நாம் ஒரே குரலில் கூலியைப் பேரம் பேசுகிறோம். துடைத்தவனுக்கு அது இலாபம், உழைத்தவனுக்கு நட்டம். சில ஆண்டுகளில் உழைத்தவன் கடையை மூடிவிடுகிறான். பின்னர் நல்ல தொழிலாளி ஒருவனும் இல்லையே என்று நாமே வருந்துகிறோம். நாணயம் அழிந்துவரும் பண்பாயின், அதனை அழிப்பதில் வாங்குவோருக்கும் பங்குண்டு. நேர்மையானவனைக் கண்டுபிடித்தபின் அவனுக்கு முழுக்கூலி கொடுப்பது கொடையன்று. நம் சொந்தப் பாதுகாப்பு.

இதுகாறும் நம்புகிறவன் பக்கம் நின்று பேசினோம். இனி நம்பப்படுகிறவன் பக்கமும் சிறிது நிற்போம். ஏனெனில் நம்மில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஓரிடத்தில், பிறர் திறந்து பார்க்க இயலாத ஒரு பெட்டியை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

நான் தோட்டக் கிராணி. ரப்பர்த் தோட்டத்து முறை பலர் அறிந்ததே. விடியுமுன் பெரட்டுக்கு வந்து, நிரை நிரையாக மரம் வெட்டி, பாலைச் சுமந்துகொண்டு தொழிலாளி ஸ்டோருக்கு வருகிறார். பால் நிறுக்கப்படுகிறது. ஆனால் பாலில் பெரும்பகுதி நீர். உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது வரையே பெரும்பாலும் தேறும். அதனை அறிய மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவி இருக்கிறது. மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைக் கிராணி குனிந்து பார்க்கிறார், எண்ணைக் கூறுகிறார், எழுதுகிறார். அவ்வெண்ணைக் கொண்டே உலர்ந்த எடை கணக்காகிறது. எழுத்தறியாத நம் முன்னோர் பல்லாயிரவர் அவ்வெண்ணை நம்பியே வாழ்ந்து மடிந்தனர். இன்று செம்பனை மிகுந்த தோட்டங்களில், குலை பழுத்ததா காயா என்று தரம் பிரிக்கும் கண்ணும், எண்ணிக்கையைப் பதியும் கையும் அதே இடத்தில் நிற்கின்றன. எதிரே நிற்பவர் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். நம் பதிவேட்டின் மொழி அவருக்குத் தெரியாதிருக்கலாம். என் காமிராவைக் கொடுத்துவிட்டு மேசைக்கு இப்புறம் நின்ற நானும், மேசைக்கு அப்புறம் நிற்கும் அவரும் ஒரே நிலையினர். என் இழப்பு ஒரு பொழுதுபோக்கு. அவர் இழப்பு அன்றைய சோறு. வேற்றுமை அவ்வளவே.

காமிராத் தொழிலாளியிடம் நாம் எதிர்பார்த்த மூன்று அடையாளங்களை நம்மிடமே வைத்துப் பார்த்தால் என்ன? மிதவையின் கோட்டைத் தொழிலாளியையும் அழைத்துக் காட்டுவதற்கு ஒரு நிமிடம் செல்லும். அவர் குலையைத் தள்ளினால், தள்ளிய குலையை அவர் கண்ணெதிரே வைத்துக் காரணம் கூறுவது, பழைய ரப்பர்த் துகளைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். கணக்கில் ஐயம் எழுந்தால், தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்பது கிராணியின் மதிப்பைக் குறைக்காது. ‘என்னை நம்பமாட்டாயா’ என்று கேள்வி கேட்பவனைச் சினந்து அடக்குவது நாணயத்தின் குரல் அன்று, அதிகாரத்தின் குரல். நாணயமுள்ளவன் தன்னை நம்பும்படி வற்புறுத்தமாட்டான். தன்னைச் சோதிக்க வழி செய்து கொடுப்பான். சோதிக்க வழியில்லாத இடத்திலோ, சோதிக்கப்பட்டதுபோலவே நடப்பான்.

குருட்டு நம்பிக்கையும் ஓயாத ஐயமும் இரண்டும் சோம்பலின் குழந்தைகளே. முன்னது ஆராய்வதற்குச் சோம்புகிறது. பின்னது ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வருவதற்குச் சோம்புகிறது. இரண்டிற்கும் இடையே, கேட்டு, பார்த்து, ஒப்பிட்டு, ஒருவரைத் தேர்ந்து, தேர்ந்தபின் அவர் உழைப்புக்கு உரியதை மனமுவந்து அளிக்கும் வழி ஒன்றுண்டு. அவ்வழியில் செல்வோர் பெருகினால், தெரியாததைத் தெரியாதென்று கூறும் தொழிலாளிக்கும் பிழைப்பு உண்டாகும். அன்பர்களே, அத்தகைய ஒருவரைத் தேடி ஊர் ஊராக அலைவதில் தவறில்லை. அலைந்து திரும்பியபின், நம்மைத் தேடி வருவோர்க்கு நாம் அத்தகையவராக இருக்கிறோமா என்று நம் மேசையையும், நம் தராசையும், நம் பதிவேட்டையும் ஒருமுறை திறந்து பார்ப்போமாக.